வரிசையில் இரண்டாவது வண்டி

கீழ்க்கட்டளையில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தில் கம்பி போட்டுக் கட்டியிருந்தோம். மேலே ஒரு தகரம் சாய்த்து வைத்திருந்ததால் மழை படாது. மற்ற ஸ்டாண்டுகளில் போர்டு இருந்தால் கட்சிக் கூட்டம் என்றைக்கு என்று எழுதுவார்கள். எங்கள் போர்டில் தினமும் ஒரு கேள்வி இருக்கும். யாராவது தவறிவிட்டால் மட்டும் கேள்வியை அழித்துவிட்டுக் கண்ணீர் அஞ்சலி எழுதுவோம்.

எழுதுகிறவர் எங்களில் ஒருவர்தான். ஐம்பது வயது இருக்கும். பத்தாவது ஃபெயில். காலையில் முதல் சவாரி முடித்து வந்ததும் ஈரத்துணியால் போர்டைத் துடைப்பார். மரத்தடியில் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் ஏறி நின்று நிதானமாக எழுதுவார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எல்லோரும் அவரைப் போர்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

சின்னக் கேள்வி எழுத மாட்டார். பெட்ரோல் விலை, ரோட்டுப் பள்ளம் எல்லாம் அவருக்குப் போதாது. ‘பசி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும்போது சோறு ஏன் ஒன்றாக இல்லை?’ என்று எழுதுவார். ‘எல்லைக்கோடு போட்டவன் எந்தப் பக்கம் நின்று போட்டான்?’ என்று ஒருநாள் எழுதினார். எனக்கு அதில் பாதி புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படிப்பார்கள். கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா தினமும் நின்று படித்துவிட்டுத்தான் பல்லாவரம் பஸ் ஏறும். எங்கள் ஆட்கள்தான் கிண்டல் செய்வார்கள்.

“அண்ணே, கிண்டிக்கு எவ்ளோ கேக்கலாம்னு எழுதுண்ணே. அதான் டெய்லி பேஜாரு.”

“வூட்ல அண்ணி கேக்குறதுக்கு பதில் இல்ல. அதான் இங்க வந்து ஊரக் கேட்டுகினு கீறாரு.”

அவர் திரும்பாமலே சிரிப்பார். தோள் மட்டும் குலுங்கும். எழுத்து கோணாது.

இதை எழுதி என்ன ஆகும் என்று ஒருநாள் நானே அவரிடம் கேட்டேன். மத்தியானம், சவாரி இல்லாத நேரம். எதுவும் ஆகாது என்றார். நின்று படிக்கிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எழுதுகிறேன் என்றார். ஒரு நிமிஷம் பெரிதா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

நான் கோவளத்துக்காரன். மீன்பிடிக் குடும்பம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெரிய அலை வந்த அன்றைக்குப் படகும் எஞ்சினும் போயின. நாங்கள் தப்பினோம். என் மனைவியின் அண்ணன் கீழ்க்கட்டளையில் குடியிருந்து ஆட்டோ ஓட்டினான். அவனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் எடுத்தேன். அவன் இருந்த ஸ்டாண்டிலேயே சேர்ந்தேன்.

கடலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படகு கவிழ்ந்தால், எது கிட்டே இருக்கிறதோ அந்தப் படகு போக வேண்டும். வலை தண்ணீரில் கிடந்தால் இழுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அறுத்துவிட்டுப் போவார்கள். அறுத்தவனை வீட்டிலும் கேட்க மாட்டார்கள், ஊரிலும் கேட்க மாட்டார்கள். என் அப்பா இரண்டு தடவை அறுத்திருக்கிறார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஸ்டாண்டில் வழக்கம் வேறு. அங்கே வரிசை. முதலில் வந்து நின்ற வண்டிக்கு முதல் சவாரி. அது போனால் பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஒரு இடம் முன்னால் நகரும். சவாரி வந்து இரண்டாவது வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும், இறங்கச் சொல்லி முதல் வண்டியைக் காட்ட வேண்டும். மீறினால் ஒரு வாரம் ஸ்டாண்டில் வண்டி போடக் கூடாது. அடி உதை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஒரு வாரம் நீ அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சேர்ந்த மூன்றாம் மாதம் நான் மீறினேன். தெரிந்த அம்மா ஒருத்தர், நேராக வந்து என் வண்டியில் ஏறினார். முதல் வண்டிக்காரன் டீக்கடையில் இருந்தான். நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்தபோது தலைவர் நின்றிருந்தார். எங்கள் ஸ்டாண்டின் தலைவரும் ஆட்டோ ஓட்டுகிறவர்தான். “மச்சான் இங்க கீறான்னு பாக்க முடியாதுப்பா. ஒரு வாரம்,” என்றார். ஒரு வாரம் மேடவாக்கம் ரோட்டில் வெயிலில் காலி வண்டியை உருட்டினேன். மனைவியின் அண்ணன் என்னால் தலைகுனிந்தான். அதன் பிறகு வரிசை விஷயத்தில் என்னைப் போல் கறாரானவன் ஸ்டாண்டில் கிடையாது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. அடுத்த வருஷம் சித்திரையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் இன்னும் வராத காலம்.

காலை பத்து மணி. நான்கு வண்டி நின்றது. முதல் வண்டி போர்டு அண்ணனுடையது. அவர் ஸ்டூலில் ஏறி எழுத ஆரம்பித்திருந்தார். இரண்டாவது வண்டி என்னுடையது. நான் உள்ளே உட்கார்ந்து அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மனிதன் மனிதனுக்காக எப்போது’ என்பதுவரை எழுதியிருந்தார்.

பின் தெருவில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் ஆந்திரா பக்கத்து ஆட்கள். குடும்பத்தோடு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். மேலெல்லாம் சிமெண்ட். கையில் ஒரு பெண் குழந்தை. நாலு வயது இருக்கும். பாவாடையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பூச்சு வேலைக்குத் தண்ணீர் தேக்கிவைக்கிற தொட்டியில் விழுந்திருக்கிறது.

அவன் முதலில் என்னிடம்தான் வந்தான். என் வண்டிதான் அவனுக்குக் கிட்டே இருந்தது. “அண்ணா, பாப்பா. ஆஸ்பத்திரி,” என்றான்.

நான் குழந்தையைப் பார்த்தேன். தண்ணீரில் விழுந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். உயிர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். உதடு நீலமாக இருந்தது. வாயோரம் நுரை வந்து உடைந்து உடைந்து வந்தது. உயிர் இருந்தது.

நான் முன் வண்டியைக் காட்டினேன். கையால்கூட இல்லை. மோவாயால்.

“மொத வண்டி அதுப்பா,” என்றேன்.

போர்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஸ்டூலில் இருந்தபடியே, “டேய், நீ எடுத்துகினு போயேன்டா,” என்றார்.

“உங்க டர்ன்ணா,” என்றேன்.

அதைச் சொன்னது என் வாய்தான். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு இறங்கினார். சாவியைச் சட்டைப் பையில் தேடினார். சாக்பீஸோடு சேர்ந்து கிடந்தது. அவருடையது பழைய வண்டி. கைலீவரை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இழுத்தார். பிடிக்கவில்லை. ஐந்தாறு தடவை இழுத்தார். அந்த ஆள் பின்சீட்டில் உட்கார்ந்து, குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்னால் கொடுத்து, போர்த்தச் சொன்னார். அப்புறம் எஞ்சின் பிடித்தது. எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம் இருக்கும்.

வண்டி போயிற்று.

நான் என் வண்டியை முன்னால் தள்ளி, முதல் இடத்தில் நிறுத்தினேன். பின்னால் இருந்த இரண்டு வண்டியும் நகர்ந்தன.

பிறகு நங்கநல்லூருக்கு ஒரு சவாரி வந்தது. போனேன்.

நான் மத்தியானம் திரும்பி வந்தபோது அண்ணனின் வண்டி மரத்தடியில் வரிசைக்கு வெளியே நின்றது. அவர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னது கொஞ்சம்தான். ராதா நகர் வழியாகக் குரோம்பேட்டைக்கு விட்டிருக்கிறார். ரயில்வே கேட்டுக்கு வந்து சேரும்போது கேட் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன ஒரு ஆட்டோ குனிந்து நுழைகிற மாதிரி நுழைந்து போய்விட்டதாம். இவருடையதுக்கு முன்னால் கட்டை வந்துவிட்டது. இரண்டு மின்சார ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை. பிறகு ஒரு எக்ஸ்பிரஸ். அது போகும்போது குழந்தை போய்விட்டது. தகப்பனுக்கு அது தெரியவில்லை. எஞ்சினை அணைத்திருந்த வண்டியில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தபோதுதான் நிறுத்தினானாம்.

“அந்த ஆட்டோ தாண்டிச்சே,” என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார். “எனக்கு முன்னாடி போனது தாண்டிச்சே.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை. வரிசைப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது. தலைவர் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணன் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஆள் ஸ்டாண்டுக்கு வந்தான். நான் பயந்தேன். அடிக்க வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து வண்டியை விட்டு இறங்கி நின்றேன். அவன் கையில் அண்ணனின் துண்டு இருந்தது. துவைத்து, காயப்போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தான். அண்ணன் அங்கே இல்லை. முதலில் நின்றது என் வண்டி என்பதால் என்னிடம் கொடுத்தான். அந்த அண்ணனிடம் கொடுத்துவிடச் சொன்னான். பிறகு என் கையைத் தொட்டுக் கும்பிட்டான். அவனுக்கு என் முகம் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துண்டை அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியிலேயே வைத்துக்கொள் என்றார். என் சீட்டுக்கு அடியில் போட்டேன்.

அவர் அதன் பிறகு எழுதவில்லை. ‘மனிதன் மனிதனுக்காக எப்போது’ என்று பாதியில் நின்றது அப்படியே நின்றது. டீச்சரம்மா இரண்டு நாள் நின்று படித்துவிட்டு, மீதி எப்போது வரும் என்று கேட்டது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ ஒருவன் சொன்னான். கிண்டல் செய்கிறவர்களும் கிண்டல் செய்யவில்லை.

ஒருநாள் அவர் தன் வண்டியில் இரண்டு தகரமும் ஒரு சட்டமும் கட்டி எடுத்துக்கொண்டு பின் தெருவுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேஸ்திரி யார் நீ என்று கேட்டான். அண்ணன் தொட்டியின் மேல் சட்டத்தை வைத்துத் தகரத்தை ஆணி அடித்தார். நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது என்று பக்கத்துக் கொட்டகைப் பெண் சொன்னாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அண்ணன் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் அவரே பேசினார்.

“தெனம் கேள்வி எழுதினேன்ல. எழுதி முடிச்சா ஏதோ செஞ்சிட்டா மாதிரி இருக்கும்டா. அன்னிக்குப் பொழுதுக்கு அது போதும்னு ஆயிடும். அதுதான் தப்பு.”

நான் என் தப்பைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வண்டி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது.

மாதக் கடைசியில் எங்கள் கூட்டம் நடக்கும். பெரிய கூட்டம் இல்லை. மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் நிற்போம். நான் அதுவரை அதில் வாய் திறந்தது இல்லை. அன்றைக்குத் திறந்தேன். உயிர் போகிற அவசரத்துக்கு வரிசை பார்க்கக் கூடாது, கிட்டே இருக்கிற வண்டி போக வேண்டும் என்றேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எது அவசரம் என்று யார் முடிவு செய்வது என்றான் ஒருவன். நாளைக்குக் கடைசி வண்டிக்காரன் தலைவலிக்காரனை ஏற்றிக்கொண்டு போய் அவசரம் என்பான் என்றான் இன்னொருவன்.

“எங்க மாமியா வந்தாக்கூட எனக்கு அவசரம்தான். நானும் வரிசைய வுட்டுப் போவலாமா?” என்று ஒருவன் கேட்க, சிரித்தார்கள்.

நான் கடல் வழக்கத்தைச் சொன்னேன். வலையை அறுப்பதைச் சொன்னேன். எனக்குப் பேச்சு வராது. திக்கித் திக்கித்தான் சொன்னேன். சிரிப்பு நின்றது. தலைவர் நல்ல மனுஷர்தான். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

“நீ சொல்றது புரியுது. ஆனா இது கடலு இல்லப்பா. இங்க வரிசை போச்சுன்னா அடிதடிதான்.”

அது பொய் இல்லை. வரிசை இல்லாத ஸ்டாண்டுகளில் மண்டை உடைந்ததை நானும் பார்த்திருக்கிறேன். தீர்மானம் ஒன்றும் ஆகவில்லை. போர்டு அண்ணன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருந்தால் கேட்டிருப்பார்கள். அவர் பேசாததில் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபப்பட என்ன யோக்கியதை என்று அதையும் விழுங்கிக்கொண்டேன்.

வைகாசியில் எதிரே பூ விற்கிற அம்மா கூடையோடு சாய்ந்தது. நான் வரிசையில் மூன்றாவது. இறங்கி ஓடி, தூக்கி என் வண்டியில் போட்டுக்கொண்டு, முன்னால் நின்ற இரண்டு வண்டியையும் சுற்றி எடுத்தேன். தெருக்கோடி டாக்டரிடம் கொண்டுபோனேன். அந்தம்மாவுக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை. காலையில் சாப்பிடவில்லை. டாக்டர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்து, என் பூக்கூடை எங்கே என்று என்னைத் திட்டியது.

ஸ்டாண்டே சிரித்தது. “கடல்காரன் பூக்காரம்மாவக் கரை சேத்துட்டான்,” என்றார்கள். சிரித்துவிட்டு ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் சரி என்றேன். இந்தத் தடவை மேடவாக்கம் ரோட்டு வெயில் அவ்வளவு உறைக்கவில்லை. ஆனால் ஒன்றும் ஆறவும் இல்லை. பிழைக்க இருந்தவளைத்தான் நான் காப்பாற்றினேன். சாகக் கிடந்ததை அனுப்பிவிட்டு முன்னால் நகர்ந்தேன்.

ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவிச் சந்தனம் வைத்து வாழை கட்டினோம். போர்டில் வாழ்த்து எழுத வேண்டும். அதைத் துடைக்க என்னைச் சொன்னார்கள். துணியை நனைத்து எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கை எழவில்லை. என் மனைவியின் அண்ணன் வந்து துணியை வாங்கித் துடைத்தான். ஏற்கெனவே பாதி மங்கிப்போயிருந்தது. இரண்டு இழுப்பில் போயிற்று.

மழைக்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை பைக் அடித்துவிட்டது. காலில் எலும்பு தெரிந்தது. நான்காவதாக நின்ற பையன் ஒருவன், புதிதாகச் சேர்ந்தவன், யாரையும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போனான். அவன் திரும்பி வந்து ஓரமாக நின்றான், தள்ளிவைப்பார்கள் என்று. முதல் வண்டிக்காரன் தலைவரைப் பார்த்தான். தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “போனவன எதுவும் கேக்காதீங்க,” என்றார்.

அவ்வளவுதான் அந்தச் சட்டம் மாறியது. கூட்டம் போடவில்லை, எழுதவில்லை. அன்றிலிருந்து அவசரம் என்றால் யார் கிட்டே இருக்கிறார்களோ அவர்கள் போனார்கள். யாரும் அதைச் சொல்லி ஏமாற்றவும் இல்லை. எதனால் மாறியது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் வருஷக்கணக்கில் எழுதின கேள்வியாலா, குழந்தையாலா, பூக்காரம்மாவைப் பார்த்துச் சிரித்ததாலா. ஒரு வருஷம் கழித்து 108 வந்தது. பிறகு அந்தச் சட்டத்துக்கே வேலை குறைந்துபோயிற்று.

அண்ணன் அதற்குள் வண்டியை விட்டுவிட்டார். மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அங்கே தண்ணீர்த் தொட்டி மூடியைத் தினமும் போய்ப் போய்ப் பார்ப்பார் என்று அவர் மனைவி சொன்னது. பூட்டு போட்டிருந்தாலும் இழுத்துப் பார்ப்பாராம். பிறகு இருமல் வந்தது. நெஞ்சில் சளி என்றார்கள். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நான் பார்க்கப் போனேன். மத்தியானம், பார்வையாளர் நேரம். போகிற வழியில் குரோம்பேட்டை கேட் போட்டிருந்தது. எப்போதும் செய்கிற மாதிரி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றேன். கேட் போட்டால் எனக்கு வண்டியில் உட்கார முடியாது. சவாரி இருந்தாலும் இறங்கிவிடுவேன். என்ன ஆச்சு என்று கேட்பார்கள். கால் மரத்துப்போச்சு என்பேன்.

அவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். அண்ணி வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தது. ஸ்டாண்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் புதுப் பையன், பள்ளிக்கூடப் பெண்ணைக் கொண்டுபோனது, வரிசை மாறியது எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

“அன்னிக்கு போர்டுல மீதி இன்னாண்ணா எழுத இருந்தீங்க?” என்று கேட்டேன்.

கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஞாபகம் இல்லடா. நல்ல கேள்விதான். அது மட்டும் ஞாபகம் கீது.”

அப்போதுதான் நான் சொன்னேன். வருஷங்களாகச் சொல்லாததை. “நீங்க கெளம்பின ஒடனே நான் வண்டிய முன்னாடி தள்ளி வெச்சிட்டேன்ணா. மொத எடத்துல.”

அவர் என்னைத் திட்டுவார், இல்லை தேற்றுவார் என்று இரண்டில் ஒன்றை எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை.

“வெப்போம்டா,” என்றார். “எல்லாரும் அப்படித்தான் வெப்போம்.”

பிறகு இருமல் வந்துவிட்டது. அண்ணி வெந்நீரோடு வந்தது. நான் கிளம்பினேன்.

பத்து நாள் கழித்து அவர் போய்விட்டார். அவர் இருந்தபோது ஸ்டாண்டில் யார் செத்தாலும் அவர்தான் கண்ணீர் அஞ்சலி எழுதுவார். அவருக்கு எழுத ஆள் இல்லை. நீதான் அவரோடு நெருக்கம், நீ எழுது என்றார்கள். எனக்கு எழுத்து கோணல் என்றேன். பரவாயில்லை என்றார்கள்.

போர்டைத் துடைத்தேன். ஸ்டூலில் ஏறினேன். அதன் ஒரு கால் ஆடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘கண்ணீர்’ என்று எழுதவே நேரம் ஆயிற்று. கீழே இருந்து, “மேல போவுதுண்ணா, எறக்கி எழுது,” என்றான் ஒருவன்.

அன்றைக்கு முதல் வண்டி என்னுடையது.

ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. காய்ச்சல் போலிருக்கிறது, துணியில் சுற்றியிருந்தாள். டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல், ஸ்டூலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கப் பார்த்தேன். கால் ஸ்டூலின் கம்பியைத் தேடியது.

இரண்டாவது வண்டியில் அந்தப் பையன் இருந்தான். பள்ளிக்கூடப் பெண்ணைக் கொண்டுபோனவன். அவன் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தான்.

“நீ எழுதுண்ணா. நான் போறேன்,” என்றான்.

அவள் ஏறினாள். அவன் என் வண்டியைச் சுற்றி எடுத்து ரோட்டுக்குப் போனான். நாலே வார்த்தை. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வண்டி வளைவில் திரும்புகிறவரை ஸ்டூலில் நின்று பார்த்தேன். பின்னால் நின்ற வண்டி இரண்டாவது இடத்துக்கு நகர்ந்தது. பிறகு, ‘அஞ்சலி’ என்று எழுதினேன். அதுவும் கோணலாகத்தான் வந்தது.